அத்தியாயம் 5: பெட்டியை மாட்டுங்கள், பிறகு கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

தோட்டம் உள்ளவர்களுக்கான அத்தியாயம் இது என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பால்கனியில் துணி காயப்போடும் கொடியின் நுனியிலேயே தேன்சிட்டு கூடு கட்டிவிடும். மீட்டர் பெட்டி, ஏசி குழாய்க்காகப் போட்ட ஓட்டை, மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் பழைய ஹெல்மெட் என்று பறவைகள் எதையும் விட்டுவைப்பதில்லை. 2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு பறவை முட்டையிட்டுவிட்டது. குஞ்சுகள் பறக்கும்வரை ஊரார் ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கே போடாமல் இருந்தார்கள். அந்த அளவு தியாகம் உங்களுக்குத் தேவைப்படாது. நல்ல இடம் ஒன்றை முன்கூட்டியே தயார் செய்துவிட்டால் சுவிட்சுப் பெட்டியைத் தேடிப் போக வேண்டிய அவசியம் பறவைக்கு வராது.

பெட்டி செய்வது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மாட்டிய பிறகு சும்மா இருப்பதுதான் பலருக்கு முடிவதில்லை. அதனால் கீழே வருவதில் பாதிக்கு மேல் எதைச் செய்யக் கூடாது என்பதைப் பற்றியது.

யார் வருவார்கள் என்று முதலில் பாருங்கள்

பலகை வாங்கப் போகும் முன் ஒரு வாரம் காலையில் வாசலில் உட்கார்ந்து கவனியுங்கள். உங்கள் தெருவில் இல்லாத பறவைக்குப் பெட்டி செய்து பயனில்லை. சுற்றிலும் ஒரு சிட்டுக்குருவிகூடக் கண்ணில் படாத இடத்தில் பெட்டி மாட்டிவிட்டு, "ஒன்றும் வரவில்லையே" என்று வருத்தப்படுபவர்கள் நிறைய.

வருபவர்களை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பொந்து தேடுபவை: சிட்டுக்குருவி, குண்டுக்கரிச்சான், மைனா, புள்ளி ஆந்தை. இவற்றுக்குத்தான் பெட்டியும் பானையும்.

கிளையில் கட்டுபவை: தேன்சிட்டு, தையல்சிட்டு, கொண்டைக்குருவி, புள்ளிப்புறா. இவை பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இவற்றுக்குச் செடிதான் வேண்டும்.

மாடப்புறாவை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அது யாருடைய உதவியும் இல்லாமலே பெருகும். அதன் எச்சத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், ஆஸ்துமா உள்ள வீட்டில் அதைப் பால்கனியில் குடியேற விடாதீர்கள். முட்டையிடும் முன்பே சன்ஷேடை இறுக்கமான வலையால் மூடிவிடுங்கள். தொளதொளவென்று தொங்கும் நைலான் வலையில் மற்ற பறவைகள் சிக்கிச் சாகும்.

எப்போது தொடங்குவது?

சிட்டுக்குருவி நம் ஊரில் ஏறக்குறைய ஆண்டு முழுதும் குஞ்சு பொரிக்கும். குண்டுக்கரிச்சானுக்கு மார்ச் முதல் ஜூலைவரை பருவம். மாசி பிறந்ததும் விடிகாலையில் ஆண்டெனா உச்சியில் உட்கார்ந்து அது பாடத் தொடங்கினால் இடம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஆகவே பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதே பெட்டியையும் மாட்டிவிடுவது வசதி. ஏணி ஏற்கெனவே வெளியே இருக்கும். பெயின்ட் வாடையும் மாசிக்குள் போய்விடும்.

சிட்டுக்குருவிப் பெட்டி: செய்முறை

தேவை: 15 செ.மீ. அகலம், 18 மி.மீ. கனம், ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ஒரே பலகை. பேக்கிங் பெட்டிப் பலகை, வேம்பு, மா எதுவானாலும் சரி. மழையில் உப்பிப்போகும் அட்டைப்பலகை வேண்டாம். தகரமும் பிளாஸ்டிக்கும் வேண்டவே வேண்டாம், கத்திரி வெயிலில் உள்ளே இருக்கும் குஞ்சு வெந்துவிடும்.

1. பலகையை இப்படி அறுத்துக்கொள்ளுங்கள்: பின்பலகை 35 செ.மீ., முன்பலகை 20, மேல்மூடி 22, அடிப்பலகை 15. மீதியில் 45 செ.மீ. துண்டு ஒன்றை எடுத்து, ஒரு விளிம்பில் 25, எதிர் விளிம்பில் 20 வருமாறு சாய்வாக அறுத்தால் இரண்டு பக்கப்பலகைகளும் கிடைத்துவிடும். அடிப்பலகையின் அகலத்தை மட்டும் 11.4 செ.மீ. ஆகக் குறையுங்கள், பக்கப்பலகைகளுக்கு நடுவே அது உட்கார வேண்டும்.

2. முன்பலகையின் மேல்விளிம்பிலிருந்து 5 செ.மீ. கீழே மையம் வைத்து 32 மி.மீ. விட்டத்தில் வாசல் துளை போடுங்கள். தச்சரிடம் ஹோல்சா பிட் இருக்கும். அளவைச் சரிபார்க்க ஒரு பத்து ரூபாய் நாணயம் போதும். அதன் விட்டம் 27 மி.மீ. துளையின் நடுவில் பிடித்தால் சுற்றிலும் இரண்டரை மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். துளை பெரிதானால் மைனா நுழைந்து குருவியை விரட்டிவிடும்.

3. முன்பலகையின் உள்பக்கத்தில், வாசலுக்குக் கீழே ஆணியால் குறுக்குக் கோடுகள் கீறிவிடுங்கள். குஞ்சு அதைப் பற்றித்தான் ஏறி வெளியே வரும். வழுவழுப்பாக இழைத்த பெட்டிக்குள் அது வழுக்கிக்கொண்டே இருக்கும்.

4. அடிப்பலகையின் நான்கு மூலைகளிலும் 6 மி.மீ. துளைகள், நீர் வடிய. பக்கப்பலகைகளின் மேல்பகுதியில் தலா இரண்டு சிறு துளைகள், காற்றோட்டத்துக்கு.

5. ஆணியைவிடத் திருகு நல்லது, பின்னால் கழற்றலாம். பின்பலகை மேலும் கீழும் 5 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி பூட்டுங்கள். சுவரில் திருகுவது அந்த நீட்டலில்தான்.

6. மூடியைப் பழைய சைக்கிள் ட்யூப் பட்டையால் பின்பலகையோடு இணையுங்கள். கீலும் அதுவே, மழைத்தடுப்பும் அதுவே. முன்பக்கம் ஒரு கொக்கி.

7. உள்ளே பெயின்ட், வார்னிஷ் எதுவும் அடிக்காதீர்கள். வெளியே அடித்தே தீர வேண்டுமென்றால் வெளிர் நிறம் ஒரு கோட், நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள்.

விழாக்களில் இலவசமாகக் கொடுக்கும் பெட்டிகளில் வாசலுக்குக் கீழே அழகாக ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். உட்கார வசதியாம். குருவிக்கு அது தேவையில்லை, சுவரையே பற்றி நிற்கக்கூடியது அது. குச்சியில் சௌகரியமாக உட்கார்ந்து வாசலுக்குள் அலகை விடுவது காகம்தான். அப்படி ஒரு பெட்டி உங்களிடம் இருந்தால் குச்சியை ஒடித்துவிட்டு மாட்டுங்கள்.

பானைக் கூடு

மரவேலை வராது என்பவர்களுக்குக் கலயம் போதும். குயவரிடம் வாய் குறுகிய சிறு மண்கலயமாகக் கேட்டு வாங்குங்கள். வயிற்றில் ஒரு பக்கமாக இரண்டு துளை போட்டு, வாய் லேசாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்குமாறு படுக்கை வாட்டில் உத்தரத்தோடு கட்டுங்கள். துளைகள் தரையைப் பார்த்தவாறு இருக்கட்டும், நீர் வடியும். காற்றில் ஆடக் கூடாது, கம்பியை இரண்டு இடத்தில் சுற்றுங்கள். வாய் 5 செ.மீ. அகலமிருந்தால் குண்டுக்கரிச்சான் வரும், மைனாவும் வரும். யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு.

வராந்தாவுக்குள், மழை படாத இடத்தில் என்றால் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிகூட ஒரு பருவம் தாங்கும். பார்க்க நன்றாக இருக்காது, குருவி அதைக் கண்டுகொள்வதில்லை.

எங்கே மாட்டுவது?

பெட்டி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இடம் தப்பினால் எல்லாம் வீண். இதில் அவசரப்படாதீர்கள்.

1. திசை: வாசல் கிழக்கையோ வடக்கையோ பார்க்க வேண்டும். மேற்குச் சுவரில் பிற்பகல் வெயில் நேராக விழும் இடம் ஆகாது. சந்தேகமிருந்தால் பிற்பகல் மூன்று மணிக்கு அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் குஞ்சுக்கும் சுடும்.

2. உயரம்: தரையிலிருந்து இரண்டரை முதல் மூன்று மீட்டர். சன்ஷேடுக்கு அடியில் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் கவலையில்லை.

3. அண்டை: பெட்டிக்குக் கீழே ஒரு மீட்டருக்குள் பூனை குதித்து நிற்கக்கூடிய மதில், ஜன்னல் விளிம்பு, பைப் எதுவும் இருக்கக் கூடாது.

4. ஏசியின் வெளி யூனிட் சூடான காற்றைத் தள்ளும் பக்கமும், இரவு முழுதும் எரியும் விளக்கின் பக்கமும் வேண்டாம்.

5. சிட்டுக்குருவி கூட்டமாக வாழும். ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று பெட்டி மாட்டலாம். குண்டுக்கரிச்சான் அப்படியில்லை, ஒரு வளாகத்துக்கு ஒரு ஜோடிதான், அடுத்த ஜோடியை அடித்துத் துரத்தும்.

பாதுகாப்பு: சுவிட்சு போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் சுவரில் துளையிடாதீர்கள், உள்ளே ஒயர் ஓடும். மின்கம்பி வீட்டை ஒட்டிப் போகும் பக்கத்தில் இரும்பு ஏணியை நிமிர்த்தவே கூடாது. ஏணியைப் பிடிக்க ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஸ்டூல் போட்டு ஏறும் வழக்கத்தை இந்த ஒரு நாளாவது விட்டுவிடுங்கள்.

மாட்டிய மறுநாளே யாரும் வந்துவிட மாட்டார்கள். ஒரு வாரத்திலும் வரலாம், ஓராண்டும் ஆகலாம். வரவில்லையே என்று வாராவாரம் இடம் மாற்றினால் எப்போதுமே வராது. ஒரு முழுப் பருவம் காலியாகக் கிடந்தால் மட்டும் வேறிடம் பாருங்கள்.

மின்விசிறிக் கிண்ணம்

பழைய வீடுகளில் சிட்டுக்குருவிக்கு மிகப் பிடித்த இடம் மின்விசிறியின் மேல்கிண்ணம். குருவிகள் இறக்கையில் அடிபட்டுச் சாவதும் அங்கேதான். கூடு இல்லாதபோது கிண்ணத்தை உத்தரத்தோடு ஒட்டி மேலேற்றித் திருகிவிடுங்கள், பிறகு அதே அறைக்கு வெளியே, குருவி நுழையும் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே பெட்டியை மாட்டுங்கள். வழி அதற்குப் பழக்கமானது, எளிதில் ஏற்றுக்கொள்ளும். ஏற்கெனவே முட்டையிட்டிருந்தால் வேறு வழியில்லை, ஒரு மாதம் டேபிள் ஃபேன்தான்.

செடியில் கட்டுபவர்களுக்கு

மருதாணி, எலுமிச்சை, மாதுளை, காகிதப்பூ, செம்பருத்தி, மல்லிகைப் பந்தல் எல்லாமே நல்ல இடம்தான், அடர்த்தியாக வளர விட்டால். வாரம் ஒருமுறை கத்தரித்துப் பந்து போல் வைத்திருக்கும் செடியில் ஒளிந்துகொள்ள இடமில்லை. முன்வாசலை எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், பின்பக்கத்தில் ஒரு மூலையைக் காடாக விடுங்கள்.

தையல்சிட்டுக்கு அகலமான, மெத்தென்ற இலை வேண்டும். கத்திரிச் செடி, அத்தி, நாட்டு பாதாம் கன்று ஆகியவை தோது. இரண்டு இலைகளின் விளிம்பை அலகால் துளைத்து, பஞ்சிழையையோ சிலந்தி நூலையோ கோத்து இழுத்து, உள்ளே பஞ்சு மெத்தை போடும். தொட்டியில் இரண்டு இலை விசித்திரமாகச் சேர்ந்து மடிந்திருந்தால் பூச்சி விழுந்ததென்று கிள்ளிவிடாதீர்கள். கீழிருந்து மெல்லப் பாருங்கள், தையல் தெரியும்.

தேன்சிட்டின் கூடு தொங்கும் குப்பை போலவே இருக்கும். காய்ந்த இலைச் சருகு, பட்டைத் துணுக்கு, கம்பளிப்புழுவின் எச்சம் எல்லாவற்றையும் ஒட்டடை நூலால் பின்னி, பக்கவாட்டில் வாசல் வைத்து, வாசலுக்கு மேலே சின்னதாக ஒரு கூரையும் நீட்டியிருக்கும். இரண்டே முட்டைகள். எனவே வீட்டின் வெளிப்புறத்திலும் போர்டிகோ மூலையிலும் உள்ள ஒட்டடையைக் கொஞ்சம் விட்டுவையுங்கள். மாமியார் ஏதாவது சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

செடியில் பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்துவது மிக முக்கியம். சிட்டுக்குருவியும் தேன்சிட்டும் குஞ்சுக்கு முதல் நாட்களில் ஊட்டுவது புழுவும் சிறு பூச்சியும்தான். புழு இல்லாத தோட்டத்தில் பெட்டி மட்டும் இருந்து என்ன செய்ய?

தண்ணீர், தானியம், கூடு கட்டும் பொருள்

தண்ணீர்: அகன்ற மண்தட்டில் இரண்டு விரல் ஆழத்துக்கு. தினமும் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்துவிட்டு நிரப்புங்கள். நாள்கணக்கில் நின்ற நீரில் டெங்குக் கொசுதான் வளரும். தட்டு கூட்டிலிருந்து பத்து, பதினைந்து அடி தள்ளி இருக்கட்டும், அதை நாடி வரும் காகம் கூட்டையும் பார்த்துவிடும்.

தானியம்: நொய், கம்பு, தினை கொஞ்சமாக. முன்பெல்லாம் அறுவடை முடிந்ததும் நெற்கதிரைக் கொத்தாகப் பின்னித் திண்ணையில் தொங்கவிடுவார்கள். இன்றும் அதுவே சிறந்த முறை என்பேன். தொங்கும் கதிரைச் சிட்டுக்குருவி பற்றிக்கொண்டு கொத்தும், காகத்தாலும் புறாவாலும் அப்படிப் பிடித்துத் தொங்க முடியாது. மிக்சர், முறுக்கு, உப்புப் போட்ட சோறு வேண்டாம்.

கூடு கட்டும் பொருள்: காய்ந்த புல், தேங்காய் நார், இலவம் பஞ்சு ஆகியவற்றை ஒரு பழைய காய்கறிக் கூடையில் போட்டுத் தொங்கவிடுங்கள். நீங்களே பெட்டிக்குள் திணிக்க வேண்டாம். நைலான் நூல், பட்டம் விடும் நூல், சீப்பிலிருந்து எடுத்த முடி ஆகியவை அறவே கூடாது. குஞ்சின் காலில் சுற்றி இறுகினால் கால் அழுகிப்போகும்.

குறிப்பு: வண்டிக் கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்த்து எதிரி என்று நினைத்துக் குண்டுக்கரிச்சானும் தேன்சிட்டும் நாள் முழுக்கக் கொத்தும். பருவம் முடியும்வரை கண்ணாடிக்குத் துணிப்பை மாட்டிவிடுங்கள்.

கூடு கட்டிய பிறகு

கழுத்தில் கறுப்புத் திட்டுள்ள ஆண் சிட்டு பெட்டி வாசலில் நின்று ஓயாமல் கத்தினால் இடம் பார்க்கிறது. இரண்டும் மாறி மாறிப் புல் கொண்டுவந்தால் முடிவாகிவிட்டது. முட்டை பொரிய 11 முதல் 14 நாள், குஞ்சு வெளியே வர இன்னும் இரண்டு வாரம். உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று அறியப் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை. தாயோ தந்தையோ வெளியே வரும்போது அலகைக் கவனியுங்கள். வெள்ளையாக, பசை போல, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு போய்த் தூரத்தில் போடும். குஞ்சின் எச்சம் சவ்வால் பொதிந்து வரும், கூட்டை அவை சுத்தமாக வைத்திருப்பது அப்படித்தான்.

இந்த நான்கு வாரத்துக்கு விதிகள்:

1. பெட்டியைத் திறக்காதீர்கள். முட்டையிட்ட முதல் நாட்களில் தொந்தரவு கொடுத்தால் தாய் கூட்டைக் கைவிட்டுவிடக்கூடும்.

2. படம் எடுக்க இலையை விலக்காதீர்கள், கிளையை வெட்டாதீர்கள். அந்த இலைதான் காகத்தின் கண்ணிலிருந்து கூட்டை மறைத்துக்கொண்டிருந்தது. ஃப்ளாஷ் கூடாது. உறவினர்களைக் கூட்டிவந்து காட்டுவதும் வேண்டாம்.

3. தொட்டிச் செடியில் கூடு இருந்தால் தொட்டியை நகர்த்தாதீர்கள். செடியின் வேர்ப்பக்கம் மட்டும் நீர் ஊற்றுங்கள், ஹோஸ் பீய்ச்ச வேண்டாம்.

4. வெள்ளையடிப்பு, மரம் வெட்டு, சன்ஷேடு ரிப்பேர் எதுவானாலும் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். காட்டுப்பறவையின் கூட்டையோ முட்டையையோ சேதப்படுத்துவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. குஞ்சை எடுத்து வீட்டில் வளர்ப்பதும் அப்படியே, பச்சைக்கிளிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எதிரிகள்

எறும்பு: பெரும்பாலானோர் பூனையை மட்டுமே நினைப்பார்கள். பொரித்த அன்றே குஞ்சுகளைத் தின்றுவிடுவது எறும்பு. பானை கட்டிய கம்பியில் மட்டும், கூட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, விளக்கெண்ணெய் தடவிய துணியைச் சுற்றுங்கள். எறும்புப் பொடியும் மருந்துச் சாக்பீஸும் பெட்டியில் தடவக் கூடாது. பறவையின் இறகில் எண்ணெய் படாத இடமாகப் பார்த்துத் தடவுவதும் முக்கியம்.

பூனை: உங்கள் வீட்டுப் பூனையென்றால் குஞ்சு பறக்கும் வாரம் உள்ளேயே வையுங்கள். கழுத்து மணியை நம்பாதீர்கள், பறக்கத் தெரியாத குஞ்சுக்கு மணி கேட்டும் பயனில்லை.

காகம், செம்போத்து, வால்காக்கை, கொம்பேறி மூக்கன்: இவையும் பசிக்கு இரை தேடுபவைதாம். அடர்ந்த செடியும் சிறிய வாசலும்தான் உங்களால் முடிந்த பாதுகாப்பு. செம்போத்து கொண்டைக்குருவிக் கூட்டைக் காலி செய்துவிட்டால் மனம் பதைக்கும், ஆனாலும் கல்லெடுக்காதீர்கள். கொண்டைக்குருவி சில வாரத்தில் மறுபடி கட்டும்.

குஞ்சு கீழே விழுந்துவிட்டால்

1. இறகு முளைத்திருக்கிறதா பாருங்கள். உடல் முழுதும் இறகோடு, வால் குட்டையாக, தத்தித் தாவினால் அது பறக்கப் பழகுகிறது. பூனை இருந்தால் மட்டும் தூக்கிப் பக்கத்துச் செடியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள். நீங்கள் நிற்கும்வரை தாய் வராது.

2. இறகில்லாத குஞ்சு என்றால் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் கதை.

3. கூடே பிய்ந்து விழுந்திருந்தால், அடியில் துளையிட்ட சிறு கூடையில் காய்ந்த புல்லோடு குஞ்சை வைத்து, பழைய இடத்துக்கு மிக அருகில் நிழலில் கட்டுங்கள். தூரத்தில் இருந்து ஒன்றிரண்டு மணி நேரம் கவனியுங்கள்.

4. வாயில் தண்ணீர் விடாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பாலும் வேண்டாம், பறவைக்குப் பால் செரிக்காது.

5. காயமிருந்தால் துளையிட்ட அட்டைப்பெட்டியில் மெல்லிய துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவருக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

துப்புரவு

குஞ்சுகள் பறந்த கையோடு கூட்டைப் பிடுங்க வேண்டாம். சிட்டுக்குருவி அதே கூட்டில் அடுத்த ஈடு முட்டையிடுவது வழக்கம். இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். மறுபடி புல் சுமந்தால் விட்டுவிடுங்கள். ஆள் நடமாட்டமே இல்லை என்றால் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு பெட்டியைக் கழற்றுங்கள். உள்ளே முட்டை இல்லை என்று உறுதி செய்தபின் பழைய புல்லை நெகிழிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அதில் உண்ணி இருக்கும், வீட்டுக்குள் உதறாதீர்கள். கொதிநீர் ஊற்றிக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, பழைய திருகில் பழைய இடத்திலேயே மாட்டுங்கள். ட்யூப் பட்டை வெடித்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். வாசல் துளையை அணில் கடித்துப் பெரிதாக்கியிருந்தால், 32 மி.மீ. துளையிட்ட ஒரு தகரத் தகட்டை அதன்மேல் ஆணியடித்துச் சேருங்கள். தகட்டின் உள்விளிம்பை அரத்தால் தேய்த்து மழுக்க மறக்காதீர்கள்.